அண்டா கல்யாணத்துக்குப் போயிருக்கிறது

அக்கா,

அண்டா இன்று காலையில்தான் திரும்பி வந்தது. உன் சின்ன மருமகனும் அவன் தம்பியும் டாடா ஏஸில் ஏற்றிவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். வெளியே புளி போட்டுப் பளபளவென்று தேய்த்திருக்கிறார்கள். உள்ளேயும் நன்றாகத்தான் கழுவியிருக்கிறார்கள். ஆனாலும் மூடியைத் திறந்தால் குப்பென்று சாம்பார் வாசம், பெருங்காயமும் முருங்கைக்காயுமாக. நம் மியூசியம் முழுக்க அடிக்கிறது. நெல் அளக்கிற மரக்காலைப் பார்க்க வந்த ஒரு பெரியவர், "இன்னாம்மா, உள்ள பந்தி போடுறீங்களா?" என்று கேட்டார். சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் உன் ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் அழுகைதான். நீ போனதிலிருந்து எனக்கு எல்லாம் இப்படித்தான் வருகிறது.

நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது. அதனால் எழுதுகிறேன்.

செய்யூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடையும் உன் இட்லிக் கடையும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு எத்தனை வருஷம் இருந்தன! ஒருநாள் ஆலம்பரைக் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்த காலேஜ் பிள்ளைகள் உன் கடையில் சாப்பிட்டார்கள். "கோட்டையும் இடிஞ்சு கிடக்கு. இந்தப் பக்கம் பாக்க வேற ஒண்ணும் இல்லியா?" என்று ஒரு பெண் கேட்டாள். நீ கரண்டியும் கையுமாகத் திரும்பினாய். "ஏன், நாங்க இல்லியா? எங்களப் பாத்தா ஒண்ணும் இல்லாத மாதிரியா கீது?" அந்தப் பெண் பாவம், இட்லியோடு வாயை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் என் கடைக்குள் வந்து நின்றாய். "இன்னாமே, அந்தப் பால் சொசைட்டி கட்டடம் சும்மாதான பூட்டிக் கெடக்குது? அத்தக் கேப்பமா? நம்ம சனம் பொழங்கன சாமானயெல்லாம் வெச்சு ஒரு மியூசியம் போட்டுடலாம்." விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். பஞ்சாயத்து ஆபீசுக்கு நீ நடந்த நடையில், உன்னைக் கண்டாலே கிளார்க் பின்பக்கமாகப் போய்விடுவார். கடைசியில் உன் தொல்லை தாங்காமல்தான் சாவியைக் கொடுத்தார்கள்.

சாமான்கள் வந்தன. கடப்பாக்கம் குப்பத்திலிருந்து கட்டுமரத் துடுப்பு. உப்பளத்தில் உப்பு வாரும் பலகை. என்றோ கோட்டையிலிருந்து எடுத்துவந்து வீட்டுச் சுவரில் வைத்துக் கட்டிய செங்கற்களைக்கூட, வீட்டை இடிக்கும்போது கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் கொடுத்தது, அதை வைத்து என்ன வேலை செய்தார்கள் என்று நீ கேட்டுச் சொல்வாய், நான் டைப் அடித்து ஒட்டுவேன். பேசுவது உன் வேலை, அடிப்பது என் வேலை. எனக்கு நாலு பேர் எதிரே வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். உனக்குத்தான் தெரியுமே.

பெரிய வீட்டு அண்டா அதற்கப்புறம்தான் வந்தது.

அதைப் பற்றி நீ என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாய், தட்டு கழுவிக்கொண்டே. உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் உன் அப்பா காலனியிலிருந்து பெரிய வீட்டு வாசலுக்குப் போய் நின்றிருக்கிறார். ஊருக்குள் எந்தக் கல்யாணம் என்றாலும் அந்த அண்டா போகும். தோட்டத்தில் கவிழ்த்து வைத்திருந்தது அவர் நின்ற இடத்திலிருந்தே தெரிந்ததாம். "அது ஓட்டையா கீதுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு சின்னச் சின்னப் பானையாக வாங்கித்தான் சமைத்தீர்கள். "கடைசிப் பந்திக்கு சாம்பார் இல்லமே. எங்கப்பா எல எலையா போயி கையெடுத்துக் கும்பிட்டாரு" என்றாய். சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாய். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பெரிய வீட்டுக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனபோது, அந்த வீட்டுப் பிள்ளையே போன் செய்து, அண்டாவை மியூசியத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நீயும் நானும் போனோம். முற்றத்தில் கிடந்ததை நீ புரட்டினாய். என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, வெயிலுக்கு நேராகத் தூக்கி, உள்ளே தலையை விட்டுப் பார்த்தாய். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"ஓட்டை இல்லியே" என்றாய். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

திரும்பி வரும்போதே சட்டம் போட்டாய். "இது பூட்டி வெக்கறதுக்கு இல்லமே. சுத்துப்பட்டுல யாரு வந்து கேட்டாலும் எடுத்துக்கினு போவட்டும். வேலை முடிஞ்சா கொண்டாந்து வெக்கட்டும். இது மட்டும் இல்ல, உள்ள கீற எல்லாமே." உடைந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "ஒடைஞ்சா ஒடைஞ்ச கதையையும் சேத்து நீ டைப் அடி" என்றாய். அந்த வாரமே அண்டாவுக்கு ஈயம் பூசினோம். அன்றிலிருந்து அது குப்பத்துக்குப் போனது, காலனிக்குப் போனது, ஊருக்குள்ளும் போனது. துடுப்பு மாசி மகத்துக்குக் கடலுக்குப் போய்விட்டு ஈரத்தோடு வந்தது. சாமான் வெளியே போய்விட்டு வருகிற மியூசியம் வேறெங்கே இருக்கிறது, சொல்லு!

நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் சென்னையிலிருந்து ஒரு அறக்கட்டளை வந்தது. ஓட்டை ஒழுகல் சிமெண்டு ஷீட்டை எடுத்துவிட்டுப் புதுக் கூரை போடுவார்களாம். கண்ணாடிப் பெட்டி, ஏசி எல்லாம் வருமாம். மாமல்லபுரம் பார்த்துவிட்டுப் பாண்டிச்சேரி போகிறவர்கள் நம்மிடமும் இறங்குவார்களாம். ஒரே நிபந்தனை, இனிமேல் ஒரு துரும்பும் வெளியே போகக் கூடாது. நம் மியூசியச் சங்கத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. அவரையும் குற்றம் சொல்ல முடியாது. மழை வந்தால் பக்கெட் தூக்குகிறவர் அவர்தான். "தொடாதீர்கள்னு நாலு போர்டு அடிச்சு வெச்சிடும்மா" என்று என்னிடம் சொன்னார். கடையில் உட்கார்ந்து அடித்தேன். கம்ப்யூட்டரில் பெரிய எழுத்தில் அந்த ஒரு வார்த்தை வந்து நின்றது. பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. அழித்துவிட்டேன்.

அவர்கள் பார்க்க வருவதாகச் சொன்ன அதே ஞாயிற்றுக்கிழமைதான் உன் சின்னவளுக்குக் கல்யாணம். அண்டாவை அவள் முன்னாடியே சொல்லி வைத்திருந்தாள். தலைவர் நேராக அவளிடமே போய், "வாடகைப் பாத்திரம் என் செலவுல எடுத்துத் தரேன் பாப்பா. ஒரு நாள்தான், அவங்க போட்டோ எடுக்கணும்கறாங்க" என்று சொல்லிவிட்டார்.

அவள் என் கடைக்கு வந்தாள். "பரவால்ல சித்தி. நாங்க வாடகைக்கே எடுத்துக்கறோம். எங்களால உங்களுக்கு இன்னாத்துக்குப் பேஜாரு?"

அந்தப் 'பரவால்ல'வைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "யாருடி உனக்குப் பரவால்ல சொல்லக் கத்துக் குடுத்தது? உங்கம்மா வாயில அந்த வார்த்தையை ஒரு நாளாவது கேட்டிருக்கியா?" என்று கத்தினேன். ஜெராக்ஸ் எடுக்க நின்றவர் ஆதார் கார்டை விட்டுவிட்டே நகர்ந்துவிட்டார். அப்புறம்தான் தெரிந்தது, உன் அப்பா அந்த வாசலில் நின்ற கதையை நீ அவளிடம் சொல்லவே இல்லையாமே! ஏன் அக்கா? பிள்ளை மனசு நோகும் என்று வைத்துக்கொண்டாயா? நான் சொல்லிவிட்டேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

அவள் மெஷின் மேல் கிடந்த ஆதார் கார்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். பிறகு, "வாடகைப் பாத்திரம் வேணாம் சித்தி. அதான் வேணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் காரில் ஒரு அம்மாவும், கேமராவோடு ஒரு பையனும் வந்தார்கள். அண்டா வைக்கிற மேடை காலி. "எங்கே?" என்றார் அந்த அம்மா. தலைவர் என்னைப் பார்த்தார்.

"அண்டா கல்யாணத்துக்குப் போயிருக்குங்க" என்றேன். "பாக்கணும்னா வாங்க, பக்கத்துலதான்."

காலனி சமுதாயக் கூடத்துக்குப் பின்னால், மூன்று கல் மேல் அது கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே பூராவும் கரி. சமையல்காரர் கரண்டியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இது எவ்வளவு பழசுன்னு தெரியுமா உங்களுக்கு? உள்ள ஈயம் வேற பூசியிருக்கீங்க!"

"பூசாம சாம்பார் வெச்சா பித்தளை களிம்பேறி பந்தியே படுத்துடுங்க" என்றேன்.

"இப்படியே பண்ணா தேஞ்சு போயிடும்மா. உங்க பேரப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாது." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு வலித்தது. அதுவும் எனக்குப் புரிந்தது.

எதிரே நாலு பேருக்கு மேல் நின்றார்கள், அக்கா. இருந்தும் பேசினேன். "தேயட்டும்மா. ரொம்ப நாளு இத்தப் பத்திரமாத்தான் வெச்சிருந்தாங்க. இந்த சனம் தூரத்துல நின்னு பாத்துட்டுத் திரும்பிப் போச்சு. இப்பத்தான் கை வெக்கறாங்க. மறுபடியும் கண்ணாடிக்கு அந்தாண்ட நிக்கச் சொன்னா நிக்க மாட்டோம். உங்க கூரை வேணாம்."

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சமையல்காரர், "உப்பு பாரும்மா" என்று என் உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டார்.

அந்த அம்மா உட்கார்ந்து சாப்பிட்டார். சாம்பார் நன்றாயிருக்கிறது என்றும் சொன்னார். எழுந்து கை கழுவிவிட்டு, நிபந்தனையை மாற்ற முடியாது என்றார். மாற்ற வேண்டாம் என்றேன். கார் போய்விட்டது. கடைசிப் பந்தி வரைக்கும் நானே நின்று சாம்பார் ஊற்றினேன். கேட்டவர்களுக்கு ரெண்டாம் தடவையும் ஊற்றினேன். உன் மகள் மணப்பெண் கோலத்தில் மணமேடையிலிருந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நேற்று வந்து, தார்ப்பாய் எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று கேட்டார். ஐப்பசி வந்தால் ஒழுகத்தான் போகிறது. ஒழுகட்டும். நானும் அவரோடு சேர்ந்து பக்கெட் தூக்குகிறேன்.

நீ இருந்திருந்தால் அந்த அம்மாவிடம் இன்னும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாய். எனக்கு அவ்வளவுதான் வந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான், விட்டுப்போனதெல்லாம் ஒவ்வொன்றாக நாக்கில் வந்து நிற்கிறது, அத்தனையும் உன் குரலில். இனி எவனாவது வந்து பூட்டச் சொல்லட்டும் அக்கா, மீதியையும் பேசிவிடுகிறேன்.