அசைந்த மீன்கொத்தி

சுசீந்திரம்,
1952, மாசி.

சௌபாக்கியவதி தையல்நாயகிக்கு,

நான் சௌக்கியம். உன் முதுகுவலி தணிந்ததா, அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று எழுது.

இங்கே என் முதலாளி மாதேவன் பிள்ளைக்குத் தம் வயலிலும் தோப்பிலும் உள்ள பறவை, பூச்சி, காட்டுப்பூ எல்லாம் படமாக வேண்டுமாம். பெரிய ரசிகர்! வண்ணத்துப்பூச்சியைக் குண்டூசியால் பூவில் குத்திவைத்துவிட்டு, "இயற்கையா இருக்கணும் வே" என்கிறார். முந்தாநாள் ஒரு மீன்கொத்தியைச் சுட்டு, கம்பியால் கிளையில் கட்டினார்.

"செத்த ஆளை நாற்காலியில இருத்திப் படம் எடுக்கிறவருதானே வே நீரு? இதையும் எடும்."

கும்பகோணத்தில் பிணங்களுக்குச் செய்த மரியாதையை ஒரு பறவைக்கும் செய்தேன். காமிராவின் மூடியைத் திறந்து விநாடிகளை எண்ணிக்கொண்டிருக்கையில், அதன் ஜோடி பறந்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தது. படம் விழுந்த கண்ணாடித் தகட்டைக் கழுவிப் பார்த்தால், செத்தது இறகு இறகாகத் தெளிவு. அசைந்தது வெறும் புகை.

பிள்ளை அந்தப் புகையைக் காட்டி, "அந்தச் சவத்தைச் சுரண்டிக் களைஞ்சிரும்" என்றார். உயிரோடு வந்ததுதான் அந்த மகானுக்குச் சவம். சுரண்டிக் கொடுத்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

கொஞ்சம் மோர்மிளகாய் அனுப்பு. இங்கே தலைக்கும் குழம்புக்கும் ஒரே தேங்காயெண்ணெய். அப்புறம், போன வருஷம் நீ சிரித்து அசைந்துவிட்டாய், முகம் கலங்கிவிட்டது, உதவாது என்று திட்டிப் பெட்டியடியில் ஒரு படத்தைப் போட்டேனே, அதையும் சேர்த்து அனுப்பு. தெளிவாக விழுந்தது வேண்டாம்.

தபாலுக்கு ஆள் நிற்கிறான்.

வைத்தியலிங்கம்