உறை கழற்றாத கார்

6 அக்டோபர் 1991, ஞாயிறு

டிரைவிங் ரெஸ்ற்றுக்குத் திகதி வந்துவிட்டது. நவம்பர் 14. மூன்றாவது தடவை. நாற்பத்தாறு வயதில்.

பாடம் சொல்லித்தந்த தில்லையம்பலம் அண்ணை மகளிடம் ரொறொன்ரோ போய்விட்டார். ஆகவே இம்முறை எங்கள் காரிலேயே போக வேண்டும். லைசென்ஸ் இருந்தால்தான் ஜனவரியில் விதை ஆய்வுகூட வேலை. அந்தப் பக்கம் பஸ் இல்லை.

ஓகஸ்ற்றுக்குப் பிறகு இன்றுதான் கராஜைத் திறந்தோம். சுவரெல்லாம் ஈரம். கார்க் கதவைத் திறந்ததும் ஊறப்போட்டு மறந்த உளுந்தின் மணம். சீற் முழுக்க வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம். அதுவும் கடையிலிருந்து வந்த பிளாஸ்ரிக் உறைக்கு உள்ளே! கார் வாங்கி மூன்று வருடம். இவர் இன்னும் உறையைக் கழற்ற விடவில்லை.

"இஞ்சரும், தொடாதையும்! பரவும்," என்றார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பூஞ்சைகளைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதியவளிடம்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். பெனிசிலியம், அஸ்பர்ஜிலஸ்... இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு பழைய வகுப்புத் தோழிகளைக் கண்டதுபோல.

ஆனால் சீற் அழுக்காக இருந்தால் ரெஸ்ற் எடுப்பவர் ஏறவே மாட்டார் என்று தில்லையம்பலம் அண்ணை சொன்னது ஞாபகம் வந்தது. சந்தோஷம் போய்விட்டது.

8 அக்டோபர், செவ்வாய்

அம்பலவாணன் வந்தார். இவருடைய சிநேகிதர், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நடத்துகிறவர், உலகத்திலுள்ள எல்லா வருத்தத்துக்கும் மருந்து சொல்பவர். கையில் மண்ணெண்ணெய் ஹீற்றர்.

மண்ணெண்ணெய் எரிந்தால் நீராவி வரும், ஈரம் கூடும் என்றேன்.

"தங்கச்சி, புத்தகம் வேறை, கராஜ் வேறை."

இவரும் தலையாட்டினார்.

20 அக்டோபர், ஞாயிறு

பூஞ்சணம் காரின் கூரைத் துணிக்கும் ஏறிவிட்டது. ஹீற்றரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

உறையைக் கழற்றினால்தான் காயும் என்று இன்று நேரே சொன்னேன்.

"விக்கேக்கை சீற் புதுசா இருக்க வேண்டாமே?"

"ஆருக்குப் புதுசா? வாங்கிறவனுக்கோ?"

"ஓம். பின்னை?"

பிறகு வரவேற்பறையில் போய் இருந்தேன். சோபாவுக்கும் உறை. ரீவீ ரிமோட்டுக்கும் உறை. யாரோ ஒருவன் ஒருநாள் வந்து எல்லாவற்றையும் புத்தம்புதிதாக எடுத்துக்கொண்டு போகப்போகிறான். அதுவரை நாங்கள் காவல். சிரிக்கலாம் என்றுதான் இருந்தேன். என் பட்டச் சான்றிதழ் ஞாபகம் வந்தது. அதுவும் பிளாஸ்ரிக் உறைக்குள்தான், மேல் அலுமாரியில். அதை உறைக்குள் போட்டது இவரில்லை, நான்.

27 அக்டோபர், ஞாயிறு

அம்பலவாணனின் அடுத்த வைத்தியம்: பூனை மணல், வீட்டுப் பூனைகள் மலசலம் கழிக்கத் தட்டில் போட்டு வைக்கிறது. தட்டுத் தட்டாகக் காருக்குள் வைத்தால் ஈரத்தைக் குடிக்குமாம். இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது, நானே தட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். ஆறு தட்டு. காற்றுக்காகக் கார்க் கண்ணாடியையும் கராஜ் கதவையும் கொஞ்சம் திறந்து வைத்தோம்.

29 அக்டோபர், செவ்வாய்

சுவரொட்டிய பக்கத்து வீட்டு பியற்றிஸின் பூனை, மேஜர் என்று பெயர், காரைக் கண்டுபிடித்துவிட்டது. ஆறு தட்டையும் பயன்படுத்தியிருக்கிறது. ஒழுங்கான பிராணி, ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

பியற்றிஸ் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, மேஜருக்காக இவ்வளவு பெரிய ஏற்பாடு செய்ததற்கு நன்றி சொன்னாள். இவர் "நோ புரொப்ளம்" என்றார். வேறு என்ன சொல்லுவார்?

3 நவம்பர், ஞாயிறு

தீயணைப்பு வண்டி வந்து போனது.

சாம்பிராணி. வேறு யார், அம்பலவாணன்தான். நான் குளித்துவிட்டு வருவதற்கிடையில் இரண்டு பேரும் காருக்குள் தணல் சட்டியை வைத்துக் கண்ணாடிகளை ஏற்றி, கராஜ் கதவையும் சாத்தியிருக்கிறார்கள். கதவிடுக்கால் புகை வந்ததைக் கண்டு பியற்றிஸ் போன் பண்ணிவிட்டாள்.

தலைக்கவசம் போட்ட நாலு பேர் உள்ளே போனார்கள். கார்க் கதவைத் திறந்தால் சாம்பிராணி மணம், பிளாஸ்ரிக் மணம், பூனை மணம். ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார், இது வழிபடுகிற காரா, ஓட்டுகிற காரா என்று.

இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்.

சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. இன்னும் பதினொரு நாள். ஒரு காரில் ஏறி ஒரு வேலைக்குப் போக எத்தனை பேரின் வைத்தியத்துக்காகக் காத்திருப்பேன் நான்?

9 நவம்பர், சனி

இவர் அம்பலவாணனின் வகுப்பில் உதவிக்குப் போன நேரம் காரைத் தள்ளி வெளியே எடுத்தேன். நல்ல வெயில், தெய்வாதீனம். மூக்கில் கைக்குட்டை கட்டி, சமையலறைக் கத்தரிக்கோலால் உறைகளை வெட்டினேன்.

தூரிகையால் தட்டி, வக்கூமால் இழுத்து, வினாகிரியும் தண்ணீரும் கலந்து துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். நாலு கதவையும் விரியத் திறந்து காயவிட்டேன். சீற் நீல நிறம்! மூன்று வருடமாகச் சாம்பல் என்றே நினைத்திருந்தேன்.

இவர் வந்து, வாசலில் கிடந்த பிளாஸ்ரிக்கைப் பார்த்தார்.

"கேட்டிருக்கலாம்."

"கேட்டனான். நீங்கள் கேக்கேல்லை."

10 நவம்பர், ஞாயிறு

இவர் பேசவில்லை. வெட்டிய உறைகளைக் கழுவி மடித்துப் பரணில் வைத்திருக்கிறார்.

14 நவம்பர், வியாழன்

ரெஸ்ற் நடக்கிற இடம் வரைக்கும் பியற்றிஸ் துணைக்குப் பக்கத்தில் இருந்து வந்தாள். சீற்றைத் தடவிப் பார்த்துவிட்டு ரெஸ்ற் எடுப்பவர் ஏறினார். வினாகிரி மணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இருபது நிமிடம் எல்லாம் ஒழுங்கு. பிறகு கையிலிருந்த அட்டையால் முன்பக்கம் தட்டினார்: அவசர பிரேக். மிதித்தேன். கார் நின்றது. அவர் சீற்றுக்கு அடியிலிருந்து மேஜர் வழுக்கிக்கொண்டு வந்து அவருடைய சப்பாத்தில் முட்டி நின்றது.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

உங்கள் பூனையா என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பூனை என்றேன். ஏதோ எழுதினார். "தொடர்ந்து போங்கள்." மிச்ச வழி முழுக்க அது அவர் மடியில் நித்திரை.

பாஸ்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "பூனையோடையோ?" என்றார் இவர். ஐந்து நாளைக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை.

6 ஜனவரி 1992, திங்கள்

முதல் நாள் வேலை. பையில் மதியச் சாப்பாடு. சான்றிதழ், உறை இல்லாமல்.

இவர் வாசலில் நின்றார். "எத்தினை மணிக்கு வருவீர்?" இருபது வருடமாக அது என்னுடைய கேள்வி. ஆறு மணியாகும், சோற்றைப் போட்டு வையுங்கோ என்றேன்.

காரில் ஏறினால், டிரைவர் சீற்றில் குளிக்கிற துவாய் ஒன்று, சுருக்கமில்லாமல் விரித்து, நாலு மூலையும் அடியில் செருகி. அதிகாலையில் எழும்பிச் செய்திருக்க வேண்டும்.

அதன்மேல் இருந்து, கையசைத்து, புறப்பட்டேன். தெருமுனை திரும்பியதும் நிறுத்தி, துவாயை உருவி மடித்துப் பின்னால் வைத்தேன். திரும்பி வரும்போது அதே முனையில் நிறுத்தி, மறக்காமல் விரித்துக்கொண்டுதான் வந்தேன்.