பீடக்கல்லுக்கு ஒரு பேலட்

10.6.2024, திங்கள்

காலையிலேயே மேனேஜர் பாலாஜி சாரோடு வாக்குவாதம். நாற்பது அடி கன்டெய்னர் ஒன்று போதும், எல்லாக் கல்லும் அதிலேயே போய்விடும் என்கிறார். நாற்பது அடியில் இடம்தான் இரண்டு மடங்கு. ஏற்றக்கூடிய எடை அந்த அளவுக்கு அதிகமாகாது. கனடாவில் கட்டுகிற முருகன் கோயிலுக்குத் தூண், போதிகை, பீடம் எல்லாமாக முப்பத்தெட்டு டன். இருபது அடிப் பெட்டி இரண்டு என்று எழுதி நீட்டினேன். முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "ரேவதி சொன்னா சரியாத்தான்மா இருக்கும்."

பதினான்கு வருடமாக இதுதான் வேலை. எந்தச் சரக்குக்கு எந்தப் பெட்டி, அடியில் தாங்குகிற மரத்தட்டு எந்தப் பேலட் என்று முடிவு செய்வது. அவர் அப்படிச் சொன்னது பிடித்திருந்தது.

சாயங்காலம் உதயாவின் பைக்கில் வீடு. மாடியில் நான், கீழே அவரும் என் தங்கை காயத்ரியும். அவளுக்குக் கல்யாணமான வருடமே அவரை எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டச் சேர்த்துவிட்டேன். தங்கை கணவர் என்று எனக்கும் சலுகை கிடையாது, அவருக்கும் கிடையாது. வழியில் வையாவூர் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வந்து சேர்ந்தோம். காயத்ரி இரண்டு பேரையும் திட்டினாள்.

19.6.2024, புதன்

ஆர்டர் கொடுத்த கனமரப் பேலட் இன்னும் வரவில்லை. மரத்தைச் சூடேற்றிப் பூச்சி நீக்குகிற சூளை கெட்டுவிட்டதாம். சூடேற்றியதற்கான முத்திரை இல்லாத மரத்தில் கல்லை அனுப்பினால் அங்கே துறைமுகத்திலேயே திருப்பிவிடுவார்கள்.

20.6.2024, வியாழன்

கோடவுனில் பழைய பைன் பேலட் பன்னிரண்டு கிடக்கிறது. போன வருடம் விளக்கு அனுப்ப வாங்கியது. முத்திரை இருக்கிறது. ஆனால் ஒன்று ஒரு டன்தான் தாங்கும். பீடக்கல் வரைபடத்தின்படி இரண்டு டன்.

சனிக்கிழமை காலைக்குள் பெட்டி துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். விட்டால் அடுத்த கப்பல் பதினோரு நாள் கழித்து. அங்கே கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். பாலாஜி சார் நாலு தடவை வந்து நின்றார். "ஏதாவது பண்ணும்மா."

இரண்டு பேலட்டை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஆணி அடிக்கச் சொன்னேன். ஒன்றுக்கு ஒரு டன் என்றால் இரண்டுக்கு இரண்டு டன். கணக்கு அப்படி வேலை செய்யாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

21.6.2024, வெள்ளி

உதயா செத்துப்போய்விட்டார்.

23.6.2024, ஞாயிறு

எழுதாமல் இருக்க முடியவில்லை.

பதினோரு மணி இருக்கும். எல்லாம் ஏறிவிட்டது, பீடக்கல் ஒன்றுதான் பாக்கி. உதயா வண்டியில் உட்கார்ந்தபடியே அடிப்பலகையைக் குனிந்து பார்த்தார். "அக்கா, இது தாங்குமா? பலக இளசா இருக்குது." நான் கையிலிருந்த பேப்பரைப் பார்த்துக்கொண்டே, "தாங்கும் தம்பி, நான் பாத்துட்டேன்" என்றேன். பக்கத்தில் யாரும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் கேட்டது.

சாய்தளத்தில் ஏறும்போது படார் என்று ஒரு சத்தம். அடிப்பலகை பிளந்து கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. வண்டியைப் பின்னால் எடுத்தால் கவிழும், முன்னால் எடுத்தாலும் கவிழும். அவர் இறங்கி ஒரு மரக்கட்டையை எடுத்துக்கொண்டு முட்டுக் கொடுக்கப் போனார்.

இறங்காதீங்க என்று நான் கத்தினேனா? கத்தினதாகத்தான் ஞாபகம். இல்லை, நினைத்தது மட்டும்தானா?

அவர் மகள் குழலிக்கு எட்டு வயசு. அப்பா முகத்தை ஏன் மூடியிருக்கிறார்கள் என்று கேட்டாள்.

2.7.2024, செவ்வாய்

காயத்ரி தினமும் ஒரே கேள்வியைக் கேட்கிறாள். "லோடு மேல இருக்கச்சொல்ல அவரு இறங்கவே மாட்டாரு. எனக்கே அதைப் பத்திப் பாடம் எடுப்பாரு. அப்புறம் ஏன்க்கா இறங்கினாரு?"

தெரியலையேம்மா என்றேன். இன்றைக்கும்.

9.7.2024, செவ்வாய்

வேலைக்குப் போனேன். சாய்தளத்தைக் கழுவிவிட்டிருக்கிறார்கள்.

பாலாஜி சார் கதவைச் சாத்திவிட்டு ஒரு பேப்பரை நீட்டினார். ஓட்டுநர் பாதுகாப்பு விதியை மீறிக் கீழே இறங்கியதால் விபத்து என்று அதில் இருந்தது. கண்ணால் பார்த்தவள் என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். பதினாறாம் தேதி தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி விசாரிக்க வருகிறார். "உனக்கும் நல்லது, கம்பெனிக்கும் நல்லது. போனவரு திரும்பி வரப்போறாராம்மா?" யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

என் பக்கத்து சீட்டு மேரி சாப்பாட்டு நேரத்தில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். உதயா குடித்துவிட்டு ஓட்டினார் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அவர் சொந்த ஊர் மாகறல் வரைக்கும் போய்விட்டதாம். அவர் அம்மா ரேணுகாம்பாள் வாசலில் நின்று போகிற வருகிறவரை எல்லாம் நிறுத்தி, "எம்புள்ள குடிக்கமாட்டாம்பா, எம்புள்ள குடிக்கமாட்டான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

14.7.2024, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் கீழே போனேன். காயத்ரி கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டிருந்தாள். பேலட் தாங்காது என்று தெரிந்தும் நான்தான் ஏற்றச் சொன்னேன் என்று சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. கப்பல் போய்விடும் என்று பயந்தேன், சார் முன்னால் முடியாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அதையும் சொன்னேன்.

அவள் மாவைத் தள்ளுவதை நிறுத்தவில்லை. "அவரு கேட்டாரா?"

"கேட்டாரு."

"இன்னா கேட்டாரு? அப்டியே சொல்லு."

சொன்னேன்.

"நீ இன்னா சொன்ன?"

அதையும் சொன்னேன்.

கிரைண்டரை நிறுத்தினாள். கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். "தெனமும் உன்னாண்டதானே கேட்டுக்கினு இருந்தேன்" என்றாள். அழுதிருந்தால், அடித்திருந்தால் பரவாயில்லை. "மேல போக்கா. குழலி எழுந்துடப் போறா."

வந்துவிட்டேன். ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன். எம் பொண்ணு மாதிரி வளர்த்தேன்டி உன்ன.

16.7.2024, செவ்வாய்

அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை வைத்துவிட்டு, "உங்க வேலை போயிடும்மா. கேஸும் உங்க மேல வரலாம். புரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்றார். புரிகிறது சார் என்றேன். படித்துக் காட்டினார். உதயகுமார் பேலட்டைப் பற்றிக் கேட்டார் என்ற வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

11.8.2024, ஞாயிறு

காயத்ரி மாகறலுக்கு, மாமியார் வீட்டுக்கே போகிறாள். குழலியின் பள்ளிக்கூடத்தையும் மாற்றிவிட்டாள். எனக்குச் சொல்லவில்லை; வாசலில் மினி லாரி வந்து நின்றபோதுதான் தெரிந்தது.

மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பீரோவை ஓரமாக நிறுத்தி ஒற்றைக் கயிறு போட்டிருந்தார்கள். கயிறு தளர்வு. அதைப் படுக்கவைத்துக் கட்ட வேண்டும். இறங்கிப்போய்ச் சொல்லக் கால் பரபரத்தது. சொல்ல நான் யார்? கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே நின்றேன். குழலி நிமிர்ந்து பார்த்து, "பெரிம்மா, நீ வரலியா?" என்றாள். காயத்ரி அவளைத் தூக்கி உள்ளே உட்கார வைத்தாள். பிள்ளையார்பாளையம் தெரு முனை திரும்பும்வரை பீரோ ஆடிக்கொண்டே போனது.

20.9.2024, வெள்ளி

அறிக்கை வந்துவிட்டது. ஓட்டுநர் மீது தவறில்லை. எடைக்குப் பொருந்தாத பேலட். எனக்கு வேலை நீக்க உத்தரவு. நான் இல்லாதபோது மேரி என் மேசையைக் காலி செய்து, டிபன் பாக்ஸ், செருப்பு, சாமி படம் எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் கட்டிக் கொண்டுவந்தாள். அறிக்கையின் நகல் ஒன்று மாகறலுக்கும் போயிருக்கிறதாம். ரேணுகாம்பாள் அதைத் தெரு முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னாராம்.

அது போதும். போதுமா?

31.10.2024

தீபாவளி. நான் விளக்கேற்றவில்லை.

6.2.2025, வியாழன்

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அபராதம் கட்டச் சொன்னார்கள், அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது.

வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மூட்டை எண்ணும் வேலை கிடைத்திருக்கிறது. என்ன நடந்தது என்று முதலாளியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். லாரியில் ஏற்றுவதை மட்டும் வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

3.3.2025, திங்கள்

மேரி போன் செய்தாள். உதயாவின் வாரிசு வேலை காயத்ரிக்குக் கிடைத்திருக்கிறது. பி.காம் படித்தவள் என்பதால் ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதச் சொன்னார்களாம். அவள் சரக்கு அனுப்புகிற பிரிவுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாளாம். "உன் சீட்டுதான் ரேவதி. உன் நாற்காலிதான்." ஏன் என்று கேட்டேன். மேரிக்கும் தெரியவில்லை.

நாள் முழுக்க மூட்டையைத் தப்புத் தப்பாக எண்ணினேன்.

21.6.2025, சனி

ஒரு வருடம். மாகறல் கோயில்வரை போனேன். அங்கிருந்து அவர்கள் தெரு பத்து நிமிட நடை. போகவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

17.7.2025, வியாழன்

மில்லில் மத்தியானம் போன் அடித்தது. காயத்ரியின் பெயர். ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பெயரில் போன் வந்ததே இல்லை. குழலிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அவசரமாக எடுத்தேன்.

"நந்தி ஒண்ணு போவுது. மலேசியாவுக்கு. ரெண்டு டன்னுன்றாங்க. ரெண்டு டன் பேலட்தான் இருக்குது. போடலாமா?"

அவ்வளவுதான். எப்படி இருக்கிறாய் என்று இல்லை. பின்னால் ஃபோர்க்லிஃப்ட் சத்தம் கேட்டது. என்னிடம் போய் ஏன் கேட்கிறாள்?

"எட போட்டாங்களா?"

"இல்ல. டிராயிங்ல இருக்குதாம்."

"எட போடச் சொல்லு. போட்டுட்டுக் கூப்பிடு."

கட் செய்துவிட்டாள். மூட்டைகள் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாற்பது நிமிடம் கழித்து மறுபடி அடித்தது.

"ரெண்டே முக்கா."

"அப்போ வேணாம். ஏத்த உடாத."

"இன்னிக்கு ஏத்தலன்னா கப்பல் போயிடுமாம். சாரு இங்கதான் நின்னுக்கினு இருக்காரு."

"போவட்டும் காயத்ரி."

பிறகு, என்னிடமல்ல, அங்கே நின்றவரிடம், "ஏறாது சார்" என்று அவள் சொன்னது கேட்டது. அவர் ஏதோ சத்தம் போட்டார். "ஏறாதுன்னா ஏறாது சார். எழுதித் தரேன்." போன் கட் ஆனது.

நாலு மணிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு வார்த்தை எழுதவில்லை. கம்பெனி கேட்டைத் தாண்டி லாரி காலியாகத் திரும்பிப் போகிறது.