பதினாறாம் வால்வு

பிப்ரவரி 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

பெரிய பாலம் இடிந்து நாற்பது நாள் ரயில் ஓடாத வருஷம் அது. குழாய் வேலைக்காரர்கள் தங்கியிருந்த நம் முகாமுக்கு முதல் ரேடியோ வந்ததும், கேன்டீன் அடுப்பில் உன் இடது கை வெந்ததும் அதே வருஷம்தான். தேதி, கிழமை எனக்கு நிற்காது. இந்த மூன்றையும் வைத்துத்தான் உன் வீட்டுக்காரர் இறந்த வருஷத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன். நாற்பத்தொன்று ஆகிறது.

நலமாக இருக்கிறாயா? முழங்காலைத் தவிர நான் நலம். இதை எழுதுவது எதிர்வீட்டு நர்ஸம்மா, ஓய்வு பெற்றவர். எனக்கு எழுதப் படிக்க வராது. முகாமில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. வருகைப் பதிவில் நான் போட்ட கையெழுத்து, படம் வரைவது போலப் பழகிக்கொண்டது.

நம் வேலைக் குழுத் தலைவர் போன மாதம் காலமானார். காரியம் முடியும்வரை கூட இருந்துவிட்டு வந்தேன்.

இன்னொரு சேதி. அணையிலிருந்து கடல்வரை நாம் போட்ட தண்ணீர்க் குழாய்க்கு ஐம்பது வயதாகிறதாம். குழாய் வழியே பதினோரு நாளில் இருநூற்று இருபது கிலோமீட்டர் நடக்க வேண்டும், முடித்தவர்களுக்குப் பதக்கம் என்று அறிவித்திருக்கிறார்கள். பேர் கொடுத்துவிட்டேன். "பாத்ரூம் போறதுக்கே சுவரப் பிடிக்கிறீங்க, உங்களுக்கு எதுக்குப்பா இது?" என்கிறான் மகன். நர்ஸம்மாவும் வருகிறார். என்னைப் பார்த்துக்கொள்ள இல்லையாம், தன் உடம்பைக் குறைக்கவாம்.

நடை முடிகிற இடம் உன் வீட்டுக்கு அடுத்த தெரு. உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தில் சொன்னால் எழுதுகிறவர் காதில்தான் முதலில் விழும். முதலில் கேட்க வேண்டியவள் நீ. அதனால்தான் இத்தனை வருஷம் எழுதவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை.

இப்படிக்கு,
வால்வுக்காரன் (பெருவிரல் ரேகை)


பிப்ரவரி 11

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. நாற்பத்தொரு வருஷத்தில் இதுதான் முதல் கடிதம். நான் செத்துவிட்டேனா இருக்கிறேனா என்று பார்க்கவாவது எழுதியிருக்கலாம்.

எழுபத்து நாலு வயதில் பதக்கத்தை எங்கே மாட்டிக்கொள்ளப் போகிறீர்கள்? உங்களுக்குப் படிக்கத் தெரியாது என்பதை நம்பவே முடியவில்லை. கேன்டீனுக்குப் பேப்பர் வந்தால் முதலில் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவது நீங்கள்தானே? அவ்வளவு நேரம் என்னதான் பார்த்தீர்கள்?

தலைவரைப் பற்றிப் பேச வருவதாக இருந்தால் வேண்டாம். "வால்வைத் தப்பாகச் சுற்றச் சொன்னது நான்தான்" என்று விசாரணையில் அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார். வேலை போன பிறகு இரண்டு தடவை இங்கே வந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. இரண்டாவது தடவை மழை. ஒரு மணி நேரம் நனைந்துகொண்டு நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் போன சேதி கேட்டும் எனக்கு அழுகை வரவில்லை.

மற்றபடி தாராளமாக வாருங்கள். முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு நடங்கள்.

தங்கச்சி


பிப்ரவரி 25, நடையில் ஆறாம் நாள்

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நர்ஸம்மா படித்துக் காட்டியபோது மழையில் நின்றார் என்ற இடத்தில் போதும் என்றேன். மீதியை நடை தொடங்கிய பிறகுதான் கேட்டேன்.

கூட நடப்பவர்கள் ஆளுக்கு இரண்டு குச்சி, முதுகில் குழாய் வைத்த தண்ணீர்ப் பை என்று வருகிறார்கள். "பெரியவரே, உங்க குச்சி எங்கே?" என்றார் ஒருவர். "இந்தக் குழாயே என் குச்சிதான், பிடிச்சுக்கிட்டு வர்றேன்" என்றேன். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்று காலை வரைதான்.

இன்று பதினாறாம் வால்வுத் தொட்டிக்கு வந்து சேர்ந்தேன். உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. உன் வீட்டு வாசல்வரை இதைத் தூக்கி வர எனக்குத் தெம்பில்லை. நர்ஸம்மாவே முதலில் கேட்கட்டும். என்னை மன்னித்துவிடு.

அன்றைக்கு இந்தத் தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளி, குழாய்க்குள் படுத்து உன் வீட்டுக்காரர் வெல்டிங் செய்துகொண்டிருந்தார். நான் வந்து சேருமுன்பே தலைவர் பதினாறில் வால்வை மூடித் தண்ணீரை நிறுத்தியிருந்தார். அது புது வால்வு. நான் லீவில் இருந்தபோது மாற்றியது. மற்ற வால்வெல்லாம் சக்கரத்தை வலப்பக்கம் சுற்றினால் மூடும். இது இடப்பக்கம் சுற்றினால்தான் மூடும். அதைச் சிவப்பு எழுத்தில் எழுதி மேலேயே மாட்டியிருந்தார்கள். காலையில் தலைவர் கேட்டார்: "பலகையப் படிச்சியாடா?" நான் சொன்னேன்: "படிச்சாச்சு."

பத்து மணி இருக்கும். "தண்ணி கசியுது, இன்னும் கொஞ்சம் இறுக்கு!" என்று உன் வீட்டுக்காரர் கத்தினார். வலப்பக்கம் இறுக்கினேன். தண்ணீர் கூடியது. கூடக் கூட இன்னும் வேகமாக இறுக்கினேன். என் உடம்பில் இருந்த பலம் மொத்தத்தையும் போட்டு நான் திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன், தங்கச்சி. தலைவர் ஓடி வந்து என்னைத் தள்ளிவிட்டு இடப்பக்கம் சுற்றினார். அதற்குள் அங்கே சத்தம் நின்றுவிட்டது.

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. "உனக்கு மூணும் சின்னப் பிள்ளைங்க. வாயத் திறக்காதே" என்றார். விசாரணையில், "வலப்பக்கம் சுற்றச் சொன்னது நான்தான்" என்று எழுதிக் கொடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

நர்ஸம்மா பேனாவை மூடிவிட்டார். பிறகு திறந்து, "சொல்லுங்க" என்றார். இனிச் சொல்ல ஒன்றுமில்லை. மீதி ஐந்து நாளும் நடந்தே வருகிறேன்.

வால்வுக்காரன் (ரேகை)


மார்ச் 4

தங்கச்சிக்கு,

பதக்கம் கொடுத்தார்கள். தகரம்தான். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேராக உன் வாசலுக்கு வந்தேன். நீ கதவைத் திறக்கவில்லை. அது நியாயம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நீ நிற்பது தெரிந்தது.

"கால் எப்படி இருக்கு?" என்று கேட்டாய்.

"வீங்கியிருக்கு."

"கடுதாசி வந்துச்சு. நாலு தடவை படிச்சேன். தலைவர் வீட்டு அக்காகிட்ட சொன்னீங்களா?"

"இல்லை."

"அவங்க புருஷனக் கொலைகாரன்னு நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கேன். அந்த அக்கா காதுபடவே சொல்லியிருக்கேன். அங்க சொல்லாம இங்க ஏன் வந்தீங்க?"

அதற்கான பதிலை இப்போது சொல்கிறேன். தலைவரின் காரியத்தன்று அந்த அக்கா எனக்கு நாற்காலி போட்டார். "கடைசிவரைக்கும் உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருந்தார், முட்டி எப்படி இருக்கோன்னு" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு எனக்கு வாய் வரவில்லை. உன் கோபம் எனக்குப் பழக்கம், தாங்கிவிடலாம் என்று நினைத்தேன். அவருடைய பிரியத்தைத் தாங்க முடியாது. அதனால்தான் தூரமான வீட்டுக்கு முதலில் வந்தேன். இருநூற்று இருபது கிலோமீட்டரும் தப்பான பக்கமாகவே நடந்திருக்கிறேன். இதிலும் வலப்பக்கம்தான் சுற்றியிருக்கிறேன்.

நீ எனக்குப் பதில் போட வேண்டாம். கதவையும் திறக்க வேண்டாம்.

நாளைக் காலை திரும்பி அணைப்பக்கம், அந்த அக்கா வீட்டுக்கு நடக்கிறேன். நர்ஸம்மா பஸ்ஸில் போகச் சொல்லித் திட்டுகிறார், எழுதிக்கொண்டே திட்டுகிறார். பஸ்ஸில் போனால் ஒரு பகலில் அந்த வாசல் வந்துவிடும். எனக்கு அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வேண்டும். ஆனால் இந்த முறை கடிதம் முன்னால் போகாது. என் வாயாலேயே சொல்வேன்.

வால்வுக்காரன் (ரேகை)

பின்குறிப்பு: கடித உறையை மூடுவதற்குள் இன்னும் ஒன்று எழுதச் சொன்னேன். அன்றைக்கு விசாரணை அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை நேற்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எழுதிக்கொண்ட அதிகாரி போய்விட்டார். சாட்சி சொன்ன பம்ப் டிரைவரும், புது வால்வை மாட்டிய ஃபிட்டரும் போய்விட்டார்கள். தலைவரும் போய்விட்டார். உன்னையும் என்னையும் விட்டால், அந்தப் பொய்யைக் காதால் கேட்டு, நம்பி, தலை குனிந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தர்: தலைவர் வீட்டு அக்கா.