பதினோராவது கட்டில்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலம்தான் என்று தெரியும். உன் கூட்டத்துச் சுவரொட்டியில் எல்லாம் சிரித்தபடிதானே நிற்கிறாய்!

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்காதே. போன் செய்தால் பாதியிலேயே "ஜெபிக்கலாமாக்கா?" என்கிறாய். ஆமென் சொன்னதும் வைத்துவிடுகிறாய். நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடுகிறது.

அம்மாவுக்குத் தலையில் ஆபரேஷன் முடிந்தது. முடியை மழித்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். கண் விழித்ததும் "சின்னவன் வந்தானா?" என்றுதான் கேட்டாள். நீ மதம் மாறிய அன்று உன் பைபிளைத் தூக்கி வாசலில் எறிந்தவள்தான். இப்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்கிறாள். ஒரு நாள் வந்துவிட்டுப் போடா.

உன் அக்கா


மார்ச் 10

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

அவருடைய சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். அம்மாவுக்காக எங்கள் சபையே முழங்காலில் நிற்கிறது. பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் அவள் இரட்சிப்புக்காக உபவாசம் இருக்கிறேன். உனக்கே தெரியும்.

இந்த மாதம் நகர முடியாது அக்கா. ஞாயிறுதோறும் வேனில் போய் நோயாளிகளுக்காக ஜெபிக்கும் ஆஸ்பத்திரி ஊழியம், ஒரே நாளில் மூன்று ஊர். மாதக் கடைசியில் கன்வென்ஷன் கூட்டம். 'நம் வாழ்க்கையில் பிறர் கிறிஸ்துவைக் காண வேண்டும்' என்பது தலைப்பு. என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்குள் அம்மா வீட்டுக்கு வந்திருப்பாள். ஊழியத்தில் எல்லோருக்கும் கொடுக்கும் கைப்பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், அவளுக்கு வாசித்துக் காட்டு. பின்பக்கம் என் படமும் இருக்கிறது.

ஊழியத்தில் உன் தம்பி


மார்ச் 18

தம்பி,

கைப்பிரதி கிடைத்தது. இது இரண்டாவது. முதல் பிரதியை நீயே அம்மாவின் தலையணையில் வைத்துவிட்டுப் போயிருந்தாய்.

காய்ச்சல் விடவில்லை என்று அம்மாவை இன்னும் ஆஸ்பத்திரியில்தான் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, நான் மருந்து வாங்கப் போன நேரம், நீ உன் ஆட்களோடு பெண்கள் வார்டுக்குள் வந்திருக்கிறாய். பதினோராவது கட்டிலில் மொட்டைத் தலையோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்த கிழவி உன் அம்மாடா!

வார்டைப் பெருக்கித் துடைக்கிற ஆயாம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நீ அந்த மொட்டைத் தலையில் கை வைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்தத் தாய்க்குப் பிள்ளைங்க இருந்தா அவங்க மனசைத் தொடும்" என்று ஜெபித்தாயாம். பிறகு பன்னிரண்டாவது கட்டிலுக்குப் போய்விட்டாயாம்.

"குரல் தெரிஞ்சுதுல்ல, ஏம்மா கூப்பிடல?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கண்ணைத் தொறப்பான்னு பாத்தேன்" என்றாள். பிறகு, "அவன் சாமி நல்லவராத்தான் இருப்பாரு. பாவம், அவருக்கு ஆள்தான் சரியா அமையல" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஊருக்கு வந்தும் என் வீட்டு வாசலை மிதிக்கத் தோன்றவில்லை உனக்கு. போகட்டும். கட்டில் எண்ணைச் சொல்லிவிட்டேன். உடனே கிளம்பி வா. கூட்டம் முடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதே. அம்மா சாப்பிடுவதையே குறைத்துவிட்டாள்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

நான் வந்தபோது அம்மாவை எடுத்து எல்லாம் முடிந்திருந்தது. கதவைத் திறந்தாய், என்னைப் பார்த்தாய், உள்ளே போய்விட்டாய்.

உன் கடிதத்தைப் படித்த அன்றே பையை எடுத்து வைத்தேன். ஆனால் கன்வென்ஷன் நோட்டீஸில் என் பெயர் போட்டு எல்லா வீட்டுக்கும் கொடுத்தாகிவிட்டது. பேசி முடித்த கையோடு கிளம்பிவிடலாம், பத்து நாளில் என்ன ஆகிவிடும் என்று நினைத்துவிட்டேன். அந்த ஜெபம் எனக்கு நினைவிருக்கிறது. எல்லாக் கட்டிலிலும் அதையேதான் சொன்னேன்.

நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் எழுது. கடைசியில் அம்மா ஆண்டவரைப் பற்றி ஏதாவது சொன்னாளா? அவரை ஏற்றுக்கொண்டாளா? அது தெரியாமல் என்னால் தூங்க முடியவில்லை. பன்னிரண்டு வருடம், அக்கா.

தம்பி


ஏப்ரல் 9

தம்பி,

அந்த ஆயாம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா படுக்கையை நனைத்துவிட்டால் முகம் சுளிக்காமல் துடைத்து, துணி மாற்றிவிடுவாள். நகம் வளர்ந்து அம்மா தன்னையே கீறிக்கொண்டபோது, வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவள் திரும்பி வந்து வெட்டிவிட்டாள். ஒரு நாளும் சாமி பேச்சு எடுத்ததில்லை. நகம் வெட்டக் குனிந்தபோது கழுத்துக் கயிற்றிலிருந்த சின்னச் சிலுவை வெளியே வந்து தொங்கியது. அப்போதுதான் எங்களுக்கே தெரியும்.

"நீயும் எம்புள்ள கூட்டமா?" என்று அம்மா கேட்டாள்.

அவள் சிலுவையை ஜாக்கெட்டுக்குள் தள்ளிவிட்டு, "கையக் காட்டுங்கம்மா, இன்னும் ரெண்டு விரல் இருக்கு" என்றாள்.

கடைசி நாள் காலையில் அம்மா அவளைக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஆயாம்மா கண்ணை மூடவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள்.

அம்மா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும், ஆயாம்மாவுக்குத் தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன். இனிமேல் கேட்டு எழுதாதே, கடிதத்தைப் பிரிக்க மாட்டேன். இது என் கோபம் மட்டும் இல்லை. "சின்னவன்கிட்ட மட்டும் சொல்லாத" என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனாள்.

"ஏம்மா?" என்று கேட்டேன்.

"மேடையில சொல்லிடுவான்" என்றாள்.

அக்கா