வியாழனின் நிலவைத் தொலைத்தவர் என் கணவர் அல்லர்

அனுப்புநர்
திருமதி வெர்னா ஸ்டிக்னி,
க/பெ. ஆர்லோ ஸ்டிக்னி,
பார்ஸ்டோ, கலிஃபோர்னியா.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
விண்கலத் தொடர்பு நிலையம்,
மொஹாவி பாலைவனம்.

பொருள்: விசாரணை அறிக்கையில் என் கணவர்மீது எழுதப்பட்ட ஒரு வரியை நீக்கி, கையொப்பமிட்ட கடிதம் வழங்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் தங்கள் நிலையத்தில் பதினோரு ஆண்டுகள் விண்கலத்துக்கு ஆணைகள் அனுப்பும் பணியில் இருந்தார். 1973 டிசம்பரில் முதல் கலம் வியாழனை நெருங்கிய அன்று அவர்தான் பணியில் இருந்தார். அன்று கலத்திலிருந்த படமெடுக்கும் கருவி திடீரெனத் திசை மாறியதால், வியாழனின் நிலவு ஒன்றின் படம் கிடைக்காமல் போயிற்று. "பணியாளர் ஸ்டிக்னி தவறான ஆணையை அனுப்பினார்" என்று விசாரணை அறிக்கை முடிவு செய்தது.

2. அவர் பொருள் கிடங்குக்கு மாற்றப்பட்டார். உணவுக்கூடத்தில் உடன் வேலை பார்த்தவர்கள், "என்னப்பா ஆர்லோ, நிலாவ எங்க வச்சே?" என்று கேட்பார்களாம். அவரும் சேர்ந்து சிரிப்பாராம். பிறகு மதிய உணவை வீட்டிலிருந்து எடுத்துப்போய்க் காருக்குள் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார்.

3. மறு ஆண்டு இரண்டாவது கலம் சென்றபோதும் கருவி அதேபோல் தானாகத் திசை மாறியது. அன்று என் கணவர் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். வியாழனைச் சூழ்ந்த கதிர்வீச்சினால், யாரும் அனுப்பாத ஆணைகளைக் கலம் தானே ஏற்றுச் செயல்படுகிறது என்று தங்கள் பொறியாளர்களே எழுதியுள்ளனர். அதன் நகலை இணைத்துள்ளேன். முதல் அறிக்கையை மட்டும் எவரும் திருத்தவில்லை.

4. என் கணவர் இப்போது நுரையீரல் புற்றுநோயால் மருத்துவமனையில் இருக்கிறார். ஜூன் மாதத்தைத் தாண்டமாட்டார் என்று மருத்துவர் கூறிவிட்டார். நகலை அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு படிக்கிற, வெர்னா. ஆபீஸ் காகிதத்துல என் பேருதான் இருக்கு. என் விரல்தான் தப்பா அமுக்கியிருக்கும்." தான் செய்யாததைச் செய்ததாகவே அவர் நம்பிவிட்டார். போர்வைமேல் அந்த விரலை அசைத்து அசைத்துப் பார்க்கிறார்.

5. ஆகவே தங்கள் அலுவலகத் தாளில், தங்கள் கையொப்பத்துடன், தவறு அவருடையதன்று என்று ஒரு வரி எழுதி அனுப்பிவைக்குமாறு வேண்டுகிறேன். பதவியோ இழப்பீடோ கேட்கவில்லை. பிப்ரவரியில் நான் அனுப்பிய மனுவுக்குப் பதில் வரவில்லை. தபாலில் தாமதமாகும் எனில் நானே நேரில் வந்து வாசலில் காத்திருந்து பெற்றுக்கொள்கிறேன். எழுத்துகள் பெரிதாக இருந்தால் அவரே படித்துக்கொள்வார்.

6. இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. அந்த அறிக்கையை நானும் நம்பினேன். ஒருநாள் கோபத்தில், "ஒரு பொத்தானக்கூட ஒழுங்கா அமுக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். நான் சொன்னது தவறு என்று இப்போது நான் சொன்னால் அவர் நம்புவதில்லை. தாங்கள் சொன்னால் நம்புவார், ஐயா.

தங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்) வெர்னா ஸ்டிக்னி

இடம்: பார்ஸ்டோ
நாள்: 11 மே 1976

இணைப்பு: பொறியாளர் குறிப்பின் நகல், மருத்துவரின் சான்று.