ஆறாம் நாள் நான் சமையலறையில் இருந்தேன்

அனுப்புநர்:
இ. டோரதி,
க/பெ. இன்னாசிராஜ்,
மாதாகோவில் பின்தெரு, பாலக்கரை,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்:
உயர்திரு பயிற்சி அலுவலர் அவர்கள்,
சிறுதொழில் முனைவோர் பயிற்சிப் பிரிவு,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: ஆறாம் நாள் வருகை மறுக்கப்பட்டது – பயிற்சிச் சான்றிதழ் வழங்கி, ஸ்ரீரங்கம் கடைப் பட்டியலில் பெயர் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

அடுப்பில் குக்கர் இருக்கிறது. எழுத்தில் அவசரம் தெரிந்தால் பொறுத்தருள வேண்டும். வரும் வெள்ளிக்கிழமை பட்டியலை மூடுகிறீர்கள் என்று கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

1. பதினொரு ஆண்டுகளாகத் தில்லை நகர் கிளினிக்குகளுக்கு மதியச் சாப்பாடு கொடுத்து வருகிறேன். முன்பெல்லாம் நான் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டே நர்ஸ் பிள்ளைகள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். இப்போது போனைத் தட்டினால் யாரோ பைக்கில் பிரியாணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார். அறுபது கேரியர் இருபத்திரண்டாகிவிட்டது. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. காலம் மாறினால் நானும்தான் மாற வேண்டும். அதற்காகவே ஸ்ரீரங்கத்தில் பெண்களுக்கு ஒதுக்கும் எட்டுக் கடைகளில் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். ஆறு நாள் பயிற்சியை முழுதாக முடித்தவருக்கே கடை என்பது தங்கள் விதி.

2. நவம்பர் 3 முதல் ஐந்து நாளும் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். விடியுமுன் சமைத்து, கேரியர்களை என் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்தேன். போனில் ஆர்டர் எடுப்பது, சாப்பாட்டைப் படம் பிடித்துப் போடுவது, வாடிக்கையாளரின் குறையைக் கேட்டு எழுதி வைப்பது எல்லாம் கற்றேன். சும்மா சொல்லக்கூடாது, பாடம் நல்ல பாடம்.

3. ஆறாம் நாள் சனிக்கிழமை, மதிய உணவு தருவதாக ஒப்புக்கொண்டவர் வரவில்லை. ஒருங்கிணைப்பாளர் திரு. அழகர்சாமி என்னிடம் வந்து, "அக்கா, நாப்பது பேரு பட்டினியா உக்காந்திருப்பாங்க. உங்களுக்குக் கைவந்த வேலைதானே, கொஞ்சம் பாத்துக்கங்க. அட்டெண்டன்ஸ நான் சொல்லிக்கறேன்" என்றார். பசி என்று வந்தபின் முடியாது என்று சொல்ல என் வாய் பழகவில்லை. கூடத்துக்குப் பின்னால் இருக்கும் சமையலறையில் தனி ஆளாக நின்று, ஒரு மணிக்குச் சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம் பரிமாறினேன். தாங்களும் சாப்பிட்டீர்கள். வறுவலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினீர்கள்.

என்னோடு படித்த ஜெஸிமா மறுநாள் தன் நோட்டைக் காட்டியபோதுதான் அன்றைய பாடம் என்னவென்று தெரிந்தது: 'எதிர்பாராத பெரிய ஆர்டரைச் சமாளிப்பது எப்படி?' சுவருக்கு அந்தப் பக்கம் பாடம் நடந்துகொண்டிருந்தது, இந்தப் பக்கம் நான் அதைச் செய்துகொண்டிருந்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கறி வைத்தவளுக்கு ஏட்டில் இடமில்லை என்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

4. 12ஆம் தேதி சான்றிதழ் வாங்க வந்தபோது என் பெயருக்கு நேராக 'வருகை ஐந்து நாள், ஈடுபாடு குறைவு' என்று எழுதியிருந்தது. தவறு என் பக்கமும் உண்டு, மறைக்கவில்லை. ஆறாம் நாள் பதினொரு மணிக்குச் சமையலறைக்குப் பதிவேடு வந்தபோது கையெல்லாம் எண்ணெய். "அப்புறம் போடறேன்" என்று அனுப்பிவிட்டேன். பிறகு மறந்தே போனேன். ஆனால் 'ஈடுபாடு குறைவு' என்ற வார்த்தையைக் கூட வந்த என் மகள் லிசி வாசித்துக் காட்டியபோது, ஐயா, நான் அழுதேன்.

5. அன்றிலிருந்து தங்கள் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்துவிட்டேன். அழகர்சாமி அவர்கள் பொய் சொல்லவில்லை. "நான் சொன்னது நெசந்தான்க்கா. ஆனா ரெஜிஸ்டர்ல இல்லையே, சார்தான் முடிவு பண்ணணும்" என்கிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது பழமொழி. இங்கே பூசாரி தலையாட்டிவிட்டார், சாமிதான் மீட்டிங்கில் இருக்கிறார். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

6. அடுத்த பயிற்சி மார்ச்சில், அதில் சேரலாம் என்கிறார் எழுத்தர். மார்ச்சில் எட்டுக் கடையிலும் ஆள் இருப்பார்கள். என் இருபத்திரண்டு கேரியர் அதுவரை இருக்குமா என்பதை என்னால் சொல்ல முடியவில்லை.

எனவே, வெள்ளிக்கிழமைக்குள் என் ஆறாம் நாள் வருகையைப் பதிந்து, அந்த இரண்டு வார்த்தையையும் அடித்து, என் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன். சாப்பாட்டுக்கான தொகை அன்றே கைக்கு வந்தது, அதில் எனக்குக் குறையில்லை. அதற்குப் போட்ட ரசீதைத்தான் இணைத்திருக்கிறேன். அதில் 8.11.2025 என்ற தேதியும், தங்கள் அலுவலக முத்திரையும், என் கையெழுத்தும் இருக்கின்றன. அன்று நான் வரவில்லை என்றே தாங்கள் முடிவு செய்தால், நாற்பது பேருக்குச் சோறு போட்டது யார் என்று மட்டும் எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன்.

இடம்: திருச்சிராப்பள்ளி
நாள்: 18.11.2025

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்
இ. டோரதி

இணைப்பு: ரசீது நகல் – 1